கடைசிப் பால் இறங்கும்போதுதான்: காரைக்குடியிலிருந்து கைக்குழந்தையோடு சிங்கப்பூர்

முதல் நாள், வியாழன், காரைக்குடி

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் தூக்கிக்கொண்டு சிங்கப்பூருக்குத் திரும்புவது செட்டிநாட்டில் அடிக்கடி நடக்கிற காரியம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் பழகிய ஊர்கள் இவை. கானாடுகாத்தான் பக்கத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம்கூட ஒன்று இருக்கிறது, ஆனால் அங்கே விமானம் வருவதில்லை. நமக்கு வாசல் திருச்சிதான்.

இந்தக் குறிப்புகள் ஞாயிறு இரவு 11 மணிக்குத் திருச்சியில் கிளம்பி, நான்கு மணி நேரம் பறந்து, திங்கள் விடிகாலை சிங்கப்பூர் நேரம் 5.30க்கு இறங்கும் விமானத்தை வைத்து எழுதப்படுகின்றன. அங்கே 5.30 என்றால் நமக்கு 3 மணி. உங்கள் விமானத்தின் நேரம் வேறாக இருந்தால் எல்லா நேரத்தையும் அதற்குத் தக்கபடி நகர்த்திக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து கணக்குப் போடுவது என்பதுதான் முக்கியம். பெரும்பாலோர் வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தில் ஆரம்பிக்கிறார்கள். விமானம் இறங்கும் நேரத்தில் ஆரம்பித்துப் பின்னோக்கி வர வேண்டும். கடைசி அரை மணி நேரத்தில் குழந்தை விழித்திருக்க வேண்டும், பசியோடும் இருக்க வேண்டும். ஏன் என்பது ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் வரும். இப்போதைக்கு நேரத்தை மட்டும் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள்: நம் ஊர் நேரப்படி இரவு 2.30க்குப் பால். அதற்கு முன் 11.15. அதற்கு முன் 8. அதற்கு முன் மாலை 5. மூன்று மணிக்கொரு தரம் குடிக்கிற பிள்ளைக்கு இது இயல்பான இடைவெளிதான்.

காகிதங்களை இன்றே ஒரே உறையில் போடுங்கள். பாஸ்போர்ட் வேலையை இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கியிருப்பீர்கள். இன்னும் தொடங்காதவர்களுக்காகச் சில வார்த்தை. 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். ஆஸ்பத்திரியில் பதியும்போது பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பிறகு பெயர் வைக்கிற வீடுகள் நிறைய. ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் சேர்த்த பிறகுதான் பாஸ்போர்ட்டுக்குப் போக முடியும். இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிடுவது நல்லது. ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தால் பின்னால் வேறு நாட்டு விசாவுக்குத் தடை வரலாம். அம்மா, அப்பா இருவர் கையெழுத்தும் வேண்டும். அப்பா வெளிநாட்டில் இருந்தால் அந்தக் காகிதம் வந்து சேரவே நாளாகும்.

நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பாஸ்போர்ட் மையத்தில் படம் எடுக்கமாட்டார்கள். வெள்ளைப் பின்னணியில் 4.5க்கு 3.5 சென்டிமீட்டர் படத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைத் துடைத்துவிட்டு, வெள்ளை வேட்டியை விரித்துப் படுக்கவைத்து, மேலிருந்து எடுத்தால் நிழல் விழாது. கண் திறந்திருக்க வேண்டும், பிடித்திருக்கிற கை படத்தில் தெரியக்கூடாது.

சிங்கப்பூரில் வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்குத் தருகிற சார்ந்திருப்போர் அனுமதியில் (Dependant's Pass) போகிற குழந்தைக்கு இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டில் பிறந்து, 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நீண்டகால அனுமதி கேட்கும்போது, தொண்டை அடைப்பான், தட்டம்மைத் தடுப்பூசி விவரங்களைச் சிங்கப்பூர் அரசிடம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வயதுக்கு எந்தத் தவணை உண்டோ அது போதும். ஊசி அட்டையில் தேதி, மருந்தின் பெயர், டாக்டர் முத்திரை மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தின் ஸ்டிக்கரை மட்டும் ஒட்டித் தேதி எழுதாமல் விட்டிருப்பார்கள். காரைக்குடியிலேயே இருக்கும்போது அதைத் திருத்திவிடலாம்.

இரண்டாம் நாள், வெள்ளி

இன்று டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள். காதையும் மூக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். சளி கட்டியிருந்தாலோ காதில் சீழ் இருந்தாலோ பயணத் தேதியை மாற்றலாமா என்று நேராகக் கேளுங்கள். டிக்கெட் மாற்றும் பணம் போனால் போகட்டும். அடைத்த காதோடு விமானம் இறங்குவது பிள்ளைக்குக் கடும் வலி. தடுப்பூசி இந்த வாரம் வருவதாக இருந்தால், ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சல் ஓய இரண்டு நாளாவது இடைவெளி கிடைக்குமாறு நாள் குறித்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தின் அளவைக் குழந்தையின் எடைக்குக் கேட்டு எழுதி வாங்குங்கள். தூங்கவைப்பதற்காகச் சளி மருந்து கொடுக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அதுவே தூக்கத்தைக் கெடுத்து ஆட்டிவைக்கும், மூச்சையும் மந்தமாக்கும்.

இன்றிலிருந்து வீட்டில் நிறுத்த வேண்டியவை மூன்று. முதலாவது சாம்பிராணி. குளித்த பிள்ளைக்குப் புகை காட்டுவது பாசத்தோடு செய்கிற காரியம்தான். ஆனால் புகை மூக்கின் உட்தோலை வீங்கவைக்கும், மூக்குக்குப் பின்னால்தான் காதுக்குப் போகிற குழாயின் வாய் இருக்கிறது, அது திறக்காவிட்டால் ஞாயிறு இரவு கஷ்டம். இரண்டாவது புது உணவு. கேழ்வரகுக் கூழோ நேந்திரங்காய்க் கஞ்சியோ இதுவரை கொடுக்காததை இந்த வாரம் ஆரம்பிக்கக்கூடாது. வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் அது தெரியப்போவது விமானத்தில். மூன்றாவது தூளி.

தூளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உத்தரத்திலிருந்து தொங்குகிற சேலைக்குள் உடம்பு வளைந்து, ஆடிக்கொண்டே தூங்கிப் பழகிய பிள்ளையை மடியில் மல்லாக்கப் போட்டால் பத்து நிமிஷத்தில் விழித்துவிடும். திருச்சியிலிருந்து போகிறவை பெரும்பாலும் நடுவில் ஒரே நடைபாதை உள்ள சின்ன விமானங்கள். முன்சுவரில் மாட்டுகிற குழந்தைத் தொட்டிலை அவற்றில் எதிர்பார்க்க முடியாது. நான்கு மணி நேரமும் மடிதான். ஆகவே வெள்ளி, சனி இரண்டு இரவும் தூளி இல்லாமல் பாயில் தூங்கட்டும். பகல் தூக்கத்தில் ஒன்றை மடியிலேயே வைத்துப் பழக்குங்கள், பக்கத்தில் டேபிள் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு. விமானத்துக்குள் இரைச்சல் 80 டெசிபலுக்கு மேல் போகும். உயரக் கூரையும் திறந்த வளவும் உள்ள வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது புதுச் சத்தம். தூளி கட்டிய சேலையை மட்டும் துவைக்காமல் மடித்துக் கைப்பையில் வையுங்கள். பழைய கண்டாங்கியாக இருந்தால் இன்னும் நல்லது. பருத்தி, நல்ல அகலம், பழகிய வாசனை. விரிப்பு, போர்வை, பால் கொடுக்கும்போது மறைப்பு என்று மூன்றுக்கும் அது ஒன்றே போதும்.

மூன்றாம் நாள், சனி

சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் இன்று நிரப்பலாம். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி அட்டை உண்டு. அரசுத் தளத்தில் இதற்குக் காசு கிடையாது. பணம் கேட்கிற தளம் எதுவாயிருந்தாலும் மூடிவிடுங்கள். அனுமதிக் கடிதத்தை அச்செடுத்து உறையில் சேருங்கள். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குப் பல நிறுவனங்கள் இணையத்தில் போர்டிங் பாஸ் தருவதில்லை, கவுன்டருக்குத்தான் போக வேண்டும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது முன்வரிசைக்கு ஆசைப்பட வேண்டாம். தொட்டில் இல்லாத விமானத்தில் அதனால் லாபம் ஒன்றுமில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பையைக் காலடியில் வைக்கவும் அங்கே இடமில்லை. பாலும் துணியும் வேண்டிய நேரத்தில் பை தலைக்கு மேல் இருக்கும். தனியாகப் போகிற தாய்க்கு நடுப்பகுதிக்குப் பின்னால் ஜன்னலோர இருக்கை நல்லது: பால் கொடுக்க மறைவு கிடைக்கும், சூடான காபி வண்டி போகிற வழியில் குழந்தையின் கைகால் நீளாது. தெரிந்த இன்னொரு குடும்பமும் கைக்குழந்தையோடு வந்தால் ஒரே வரிசையின் ஒரே பக்கத்தில் உட்காரக் கேட்காதீர்கள். மூன்று இருக்கைக்கு நான்கு ஆக்சிஜன் முகமூடிதான் இருக்கும். இரண்டு மடிக்குழந்தைகளுக்கு அது பற்றாது.

இப்போது கைப்பை. வீட்டு வாசலிலிருந்து அந்த வீட்டு வாசல் வரை பதினைந்து மணி நேரம் என்று வையுங்கள். இரண்டு மணிக்கு ஒன்று வீதம் எட்டு டயபர், அதற்கு மேல் நான்கு. கட்டுத்துணி பிள்ளைக்குச் சுகமானதுதான், ஆனால் மடியில் நனைந்தால் தாயின் உடையும் நனையும், அங்கே மாற்ற வழியில்லை. குழந்தைக்கு இரண்டு மாற்றுடை, அம்மாவுக்கு ஒரு மேலாடை. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கழிப்பறைக்கு முழுப் பையையும் தூக்கிப்போக முடியாது. அதனால் ஒரு ஜிப் உறையில் ஒரு டயபர், ஏழெட்டு ஈரத்துணி, ஒரு விரிப்பு, ஒரு பிளாஸ்டிக் பை என்று ஒரு செட். இப்படி மூன்று செட் கட்டிவையுங்கள்.

பவுடர் பால் கொடுப்பவர்கள் உலர்ந்த பாட்டிலிலேயே அளந்து போட்டு மூடிவையுங்கள். மூன்று வேளைக்குத் தேவையென்றால் நான்கு பாட்டில். குழந்தைப் பால், குழந்தைக்கான தண்ணீர், மருந்து ஆகியவற்றுக்குப் பயணத்துக்கு வேண்டிய அளவுவரை 100 மில்லிக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் எடுத்துத் தனியாகக் காட்ட வேண்டும், ஆகவே பையின் மேலாக இருக்கட்டும். அரை லிட்டர் பிளாஸ்க் ஒன்று வெறுமையாக வரட்டும்.

நகைகளை இன்றிரவே கழற்றிவிடுங்கள். வெள்ளிக் காப்பு, கொலுசு, வெள்ளி அரைஞாண் எல்லாம் சோதனைக் கருவியைக் கத்தவைக்கும். தூங்குகிற பிள்ளையை எழுப்பித் துணியை அவிழ்க்கும்படி ஆகும். கறுப்புக் கயிறு மட்டும் இருந்தால் போதும். வசம்பு வளையலையும் எடுத்துவிடுங்கள். ஆறு மாதப் பிள்ளை அதை வாயில் வைக்காமல் இருக்காது, மணி உதிர்ந்தால் தொண்டையில் சிக்கும்.

நான்காம் நாள், ஞாயிறு, காரைக்குடி முதல் வானம் வரை

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட இன்று வேண்டாம். குளித்த அசதியில் பிற்பகல் முழுக்கத் தூங்கும், இரவில் கொட்டக்கொட்ட விழித்திருக்கும். வெந்நீரில் சாதாரணக் குளியல் போதும்.

ஞாயிறு ராகு காலம் 4.30 முதல் 6 வரை. நமக்குக் கிளம்பத் தோதான நேரம் 5.30. இந்த இடத்தில்தான் பல வீடுகளில் கணக்குக் கெடுகிறது. ராகு காலத்துக்கு முன் என்று 4.20க்கே கிளம்பி, ஆறரைக்கு விமான நிலையம் சேர்ந்து, நான்கரை மணி நேரம் வெளிச்சத்திலும் கூட்டத்திலும் பிள்ளையைச் சோர்வடைய விடுகிறார்கள். பெரியவர்கள் கையாண்ட வழி இருக்கவே இருக்கிறது, பரஸ்தானம். நல்ல நேரத்தில் ஒரு பையை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகவே கணக்கு. 4.30க்கு முன் அதைச் செய்துவிட்டு, 5 மணிக்கு வீட்டிலேயே பால் கொடுத்து, ஏப்பம் எடுக்க வைத்து, 5.30க்கு வண்டி ஏறுங்கள்.

திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் வழியாக இரண்டு மணி நேரம். விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் திருச்சி நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. குழந்தை எப்போதும் பின்னிருக்கையில்தான். முன்னால் மடியில் வைத்திருந்தால், காற்றுப்பை விரிகிற வேகம் பிள்ளைக்கு உயிராபத்து. புதுக்கோட்டையில் ஒரு முறை நிறுத்தி டயபரைப் பாருங்கள். வழியனுப்ப இரண்டு பேர் வந்தால் போதும். பத்துப் பேர் வந்தால் பிள்ளை பத்து மடி மாறும், களைத்துவிடும்.

8 மணிக்கு அடுத்த பால். முனைய வாசலில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் உள்ளவர்களைத்தான் விடுவார்கள். ஆகவே ஐயாவிடமும் ஆயாவிடமும் (தாத்தா, பாட்டியிடம்) விடைபெறுவதற்கு முன், வண்டியிலேயே நிதானமாகக் கொடுத்துவிடலாம். பிரியும் நேரத்தில் "புள்ள வயிறு வாடிக் கெடக்கு, இன்னுங் கொஞ்சம் குடு ஆத்தா" என்று குரல் வரும். அவர்கள் தவிப்பு புரியக்கூடியதே. ஆனால் இப்போது கூடுதலாகக் கொடுத்தால் 11.15ம் 2.30ம் தள்ளிப்போகும். சுவரில் ஒட்டிய தாளை மதியமே ஆயாவிடம் படித்துக் காட்டி, காரணத்தையும் சொல்லிவிட்டால் அவர்களே காவல் நிற்பார்கள்.

பாதுகாப்புச் சோதனையில் குழந்தையைக் கட்டியிருக்கும் பையைக் கழற்றி, கையில் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும். தள்ளுவண்டியை மடக்கச் சொல்வார்கள். ஒரு கையால் மடக்க முடியாத வண்டியை எடுத்துவராதீர்கள். சோதனை முடிந்தபின் காபிக் கடையில் கொதிக்கும் தண்ணீரைக் கேட்டுப் பிளாஸ்கை நிரப்புங்கள். பவுடர் பாலில் இருக்கக்கூடிய கிருமி சாக 70 டிகிரிக்குக் குறையாத நீர் வேண்டும். வெதுவெதுப்பான நீர் போதாது. விமானத்துக்குள் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்பு டயபரை மாற்றிவிடுங்கள், நனையாவிட்டாலும்.

இருக்கையில் அமர்ந்ததும் குழந்தைக்கான வளையப் பட்டையைக் கேட்டு வாங்குங்கள். முதலில் அம்மாவின் பெல்ட்டை மாட்டி இறுக்க வேண்டும். பிறகு குழந்தைப் பட்டையின் வளையத்தை அதில் கோத்து, குழந்தையின் வயிற்றைச் சுற்றி மாட்ட வேண்டும். இருவரையும் ஒரே பெல்ட்டுக்குள் சேர்த்துப் போடுவது ஆபத்து. விமானம் குலுங்கி நின்றால் அம்மாவின் எடை முழுவதும் பிள்ளை மேல் சாயும்.

11.15 பாலில் நடக்கிற தவறு: கதவு மூடியதுமே கொடுக்க ஆரம்பிப்பது. விமானம் ஓடுதளத்துக்குப் போய்க் காத்திருக்கும், அதற்குள் வயிறு நிறைந்துவிடும். எஞ்சின் சத்தம் ஓங்கி, முதுகு இருக்கையில் அழுந்தும்போது ஆரம்பியுங்கள். அப்போது தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டாம். ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று விரிந்து தானாகவே வெளியேறிவிடும்.

இறங்கும்போதுதான் சங்கடம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலையில் இருப்பதுபோல வைக்கப்படுகிறது. ஏறக்குறையக் கொடைக்கானல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது நிமிஷத்துக்குச் சுமார் 300 அடி கணக்கில் அழுத்தம் கூடும். ஆகவே அந்தக் கொடைக்கானலிலிருந்து தரைக்கு வர இருபது, இருபத்தைந்து நிமிஷம். வெளி அழுத்தம் கூடக்கூடச் செவிப்பறை உள்ளே இழுபடும். அதைச் சமன்செய்ய மூக்கின் பின்னாலிருந்து காதுக்குக் காற்றுப் போக வேண்டும். பெரியவர்களுக்கு அந்தக் குழாய் சரிவாக இருக்கும். குழந்தைக்கோ குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கைவசத்தில் இருக்கும். விழுங்கும்போதுதான் அது திறக்கும். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. அதனால்தான் பசி, அதனால்தான் விழிப்பு.

நள்ளிரவு தாண்டி விளக்கை அணைத்ததும் பிள்ளை தூங்கிவிடும். 2 மணிக்கு நீங்கள் விழித்துக்கொள்ளுங்கள். முதல் வேலை பிளாஸ்க் நீரில் பாலைக் கலப்பது. குடிக்கிற சூட்டுக்கு ஆற, குளிர்ந்த நீர் உள்ள கோப்பையில் பாட்டிலை நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிஷம் வேண்டும். தரையில் மூடிய பாட்டிலைத் திறப்பதில் கவனம் தேவை. உள்ளே ஊர்க் காற்று அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. ரப்பர் முனையைத் தொட்டதுமே, கலந்துவைத்த பாலோ தண்ணீரோ அதில் இருந்தால் பீய்ச்சி அடிக்கும், உறிஞ்சுகுழல் உள்ள குவளைகளில் இன்னும் மோசம். பாட்டிலை நிமிர்த்திப் பிடித்து, மரையை அரைச் சுற்றுத் தளர்த்தி, 'உஸ்' சத்தம் அடங்கியதும் இறுக்குங்கள். தாய்ப்பால் கொடுப்பவருக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. இரண்டு மடங்கு தண்ணீர் மட்டும் குடித்துவைக்க வேண்டும், உள்ளே காற்று வறண்டது.

இறங்கத் தொடங்கியதை அறிவிப்புக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். எஞ்சின் இரைச்சல் சட்டென்று தணியும். பணிப்பெண்கள் குப்பை சேகரிக்க வருவார்கள். அப்போது டாக்டர் சொன்ன உப்புநீர்ச் சொட்டை மூக்கில் விட்டு, காலுறையைக் கழற்றி உள்ளங்காலைத் தேய்த்து எழுப்புங்கள். தலை உயர்ந்திருக்கும்படி சாய்த்துப் பால் கொடுங்கள். மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடக் கூடாது. பாதி கொடுத்து, இரண்டு நிமிஷம் நிறுத்தி, மறுபடி கொஞ்சம், இப்படிச் சக்கரம் தரையைத் தொடும் வரை நீட்டிக்க வேண்டும். வானத்தில் வட்டமடிக்கப் போவதாக அறிவித்தால் உடனே நிறுத்தி மிச்சத்தைக் காப்பாற்றுங்கள். கடித்துத் துப்பினால் சூப்பானோ கழுவிய சுண்டுவிரலோ கொடுக்கலாம். அதுவும் வேண்டாமென்று வீறிட்டு அழுதால் பதற வேண்டாம். அழுகையும் அந்தக் குழாயைத் திறக்கும். பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அந்த நிமிஷத்தில் அழுவது அதற்கு மருந்து.

வாய் வைத்த பவுடர் பால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிட வேண்டும். பாதி மிச்சம் இருக்கிறதே என்று வரிசையில் நிற்கும்போது கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் நாள், திங்கள், சிங்கப்பூர்

மடக்கிய தள்ளுவண்டி விமானக் கதவருகே வரலாம், பெட்டிகளோடு பெல்ட்டிலும் வரலாம். அதுவரை உடம்போடு கட்டும் பைதான் துணை. குடிநுழைவுக்குக் குடும்பங்களுக்கான வரிசை எங்கே என்று ஊழியரைக் கேளுங்கள்.

நேர வித்தியாசம் இரண்டரை மணிதான். நம் ஊரில் ஏழு மணிக்கு விழிக்கிற பிள்ளை இங்கே ஒன்பதரைக்கு விழிக்கும். தினம் அரை மணி முன்னதாக எழுப்பி, காலை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் ஐந்தாறு நாளில் சரியாகிவிடும். தூளி கொக்கிக்கு இங்கே உத்தரம் கிடையாது. பாயில் தூங்கிய அந்த இரண்டு இரவு இப்போதும் உதவும். அந்தச் சேலையை மட்டும் இன்னும் ஒரு வாரம் துவைக்க வேண்டாம்.

இன்றும் நாளையும் காதைக் கவனியுங்கள். சும்மா கையை வைத்து விளையாடுவது வேறு. படுக்கவைத்தால் அழுகை கூடுவது, பால் இரண்டு வாய் குடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வது, காய்ச்சல், காதில் நீர் வடிவது, இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். சொட்டு மருந்தையோ எண்ணெயையோ வீட்டிலேயே காதில் விடாதீர்கள். செவிப்பறையில் கிழிசல் இருந்தால் அது உள்ளே இறங்கிவிடும்.